கெடு இல்லாத எட்டு மாதம்

மே மாதம் பிறந்ததும் அமெரிக்காவின் பல உயர்நிலைப் பள்ளிகளில் ரோபோ அணியினர் பட்டறையின் வெள்ளைப் பலகையைத் துடைத்துவிட்டு ஒரு பட்டியல் எழுதுவார்கள். அடுத்த ஜனவரிக்குள் என்னென்ன செய்து முடிக்கலாம் என்கிற பட்டியல். டெக்சாஸில் எழுதினாலும் மிச்சிகனில் எழுதினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. முதல் வரியில் ‘ஸ்வெர்வ் டிரைவ்’. அதற்குக் கீழே, கேமராவை வைத்து ரோபோ தன் இருப்பிடத்தைத் தானே கண்டுபிடிக்கும் வித்தை. மற்ற அணிகளை நோட்டம் பார்க்க ஒரு செயலி. டி-சர்ட்டைச் சுட்டு எறியும் பீரங்கி. பலகையில் இடம் மிச்சமிருந்தால் கடைசியாக ‘வயரிங்கைச் சரிசெய்வது’. டிசம்பர் வரும்போது இவற்றில் ஒன்றோ இரண்டோ முடிந்திருந்தால் அது நல்ல வருடம்.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருப்பது ‘ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டி’, சுருக்கமாக எஃப்.ஆர்.சி. கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் தொடங்கியது ஃபர்ஸ்ட் அமைப்பு. எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸின் துணையோடு அது 1992இல் தன் முதல் போட்டியை நடத்தியது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மான்செஸ்டரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகள். இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் விளையாடுகின்றன. ஒரு பக்கம் மூன்று ரோபோக்களின் கூட்டணி, எதிர்ப்பக்கம் மூன்று ரோபோக்களின் கூட்டணி, வழக்கமாக இரண்டரை நிமிட ஆட்டம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரித் தொடக்கத்தில்தான் அந்த வருடத்து ஆட்டமும் விதிகளும் வெளியாகும். அதுவரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. 2013இல் பறக்கும் தட்டு எறியச் சொன்னார்கள். 2023இல் கூம்பும் கனசதுரமும் அடுக்கச் சொன்னார்கள். 2024இல் ஆரஞ்சு நிற நுரை வளையம், 2025இல் பி.வி.சி. குழாய்த் துண்டு.

ஜனவரி தொடங்கி ஏப்ரல் கடைசி வரை மூச்சுவிட நேரமில்லாத ஓட்டம். முன்பெல்லாம் இது இன்னும் கொடுமை: ஆறு வாரம் முடிந்ததும் ரோபோவைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைத்துவிட வேண்டும், போட்டிக் களத்தில்தான் பிரிக்கலாம். வசதியுள்ள அணிகள் அதே போல இரண்டாவது ரோபோ ஒன்றைக் கட்டி, பையில் போடாமல் வைத்துக்கொண்டு பழகின. இல்லாதவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். 2020 சீசனிலிருந்து அந்தப் பை விதி போய்விட்டது. அதன் விளைவாகக் கட்டும் வேலை போட்டி நாள் வரை நீண்டது. மே மாதத்தில் மாணவர்களும், அவர்களுக்குச் சம்பளமில்லாமல் வழிகாட்டும் பொறியாளர்களும் முன்பைவிடக் களைத்துப்போய் வருகிறார்கள். அந்தக் களைப்போடுதான் ‘ஆஃப்-சீசன்’ வேலைகள் தொடங்குகின்றன.

இந்த மாதங்களின் பெரிய வசதி, கெடு கிடையாது என்பது. பெரிய கேடும் அதுவேதான். போட்டிக் காலத்தில் ஒரு மாணவர் கியர்பெட்டியைத் தப்பாக வடிவமைத்தால் ஒரு வாரம் போய்விடும், அணி தடுமாறும். ஆஃப்-சீசனில் அதே தப்பைத் தாராளமாகச் செய்யலாம், பிரித்துப் பார்க்கலாம், மறுபடி செய்யலாம். பதினைந்து வயதில் பொறியியல் கற்க இதைவிட நல்ல சூழல் அமையாது. ஆனால் எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று யாரும் கேட்காத வேலை, ஜூன் மாதக் கோடை விடுமுறையில் ஒருமுறை நிற்கும், செப்டம்பரில் பள்ளி திறந்ததும் ஒருமுறை நிற்கும், நவம்பரில் பன்னிரண்டாம் வகுப்பினர் கல்லூரி விண்ணப்பம் எழுதப் போகும்போது ஒரேயடியாக நின்றுவிடும். பட்டறை மூலையில் மூன்று சக்கரத்தோடு நிற்கும் சட்டகங்கள் அப்படித்தான் சேர்கின்றன.

ஸ்வெர்வ் டிரைவையே எடுத்துக்கொள்ளலாம். சாதாரண ரோபோ பீரங்கி வண்டி மாதிரி ஓடும்: இடப்பக்கச் சக்கரங்கள், வலப்பக்கச் சக்கரங்கள், அவற்றின் வேக வித்தியாசத்தில் திரும்பல். பக்கவாட்டில் நகர முடியாது. ஸ்வெர்வில் நான்கு மூலையிலும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு மோட்டார். ஒன்று உருட்டும், மற்றது திசை மாற்றும். ஆக எட்டு மோட்டார். ரோபோ வடக்கே பார்த்தபடி கிழக்கே ஓடும், ஓடியபடியே சுழலும். இது புதிய யோசனையும் அல்ல. மிச்சிகனின் 47ஆம் எண் அணி ‘சீஃப் டெல்ஃபை’ 1998இலேயே இப்படி ஒன்றைக் களத்தில் இறக்கியது. ஆர்கன்சா மாநிலத்தின் 16ஆம் எண் அணி ‘பாம் ஸ்குவாட்’ இதற்கென்றே பெயர் வாங்கி, 2012இல் உலகப் பட்டம் வென்ற கூட்டணியில் இருந்தது. அந்தக் காலத்தில் இதைச் செய்யத் துணிந்த அணி விரல் விட்டு எண்ணக்கூடியது. பல்சக்கரம், பேரிங், அலுமினியத் தகடு எல்லாவற்றையும் தாங்களே வரைந்து, தாங்களே வெட்டி, நான்கும் ஒரே மாதிரி வரும்வரை மல்லுக்கட்ட வேண்டும். ஜனவரிக்குப் பிறகு அதைத் தொடங்கினால் தேறாது. அதனால் ஸ்வெர்வ் என்றாலே ஆஃப்-சீசன் வேலை என்று ஆனது. அதற்கு நியாயமும் இருந்தது.

பிறகு சந்தை வந்தது. ‘ஸ்வெர்வ் டிரைவ் ஸ்பெஷாலிட்டீஸ்’ போன்ற நிறுவனங்கள் முழு அலகையும் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கின. இன்றைக்கு ஒரு அணி நான்கு பெட்டியை வாங்கி, மோட்டார் பூட்டி, சில நாளில் ஓட்டிவிடும். நிரலும் அப்படியே: மோட்டார் விற்கும் நிறுவனத்தின் மென்பொருளில் சக்கர விட்டம், கியர் விகிதம், சட்டகத்தின் நீள அகலம் ஆகியவற்றைத் தட்டினால் முழு நிரலையும் அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அலகு, மோட்டார், சென்சார் எல்லாம் சேர்த்தால் செலவு மூவாயிரம் டாலரைத் தாண்டும். எட்டு மாதத்து வடிவமைப்பு வேலை ஒரு வாரத்துக் கொள்முதலாகச் சுருங்கிவிட்டது. பட்டியலில் மட்டும் அது இன்னும் முதல் இடத்தைவிட்டு நகரவில்லை.

அப்படியானால் இதில் கற்க ஒன்றும் இல்லையா? இருக்கிறது, ஆனால் பெட்டியைப் பிரிக்கும்போது அல்ல, ஓட்டிய பிறகு. முதல் நாள் ஓட்டத்தில் என்ன நடக்கும் என்று பார்த்தால் புரியும். ரோபோவைக் கவிழ்த்து, நான்கு சக்கரங்களையும் கையால் திருப்பி, சக்கரத்தோடு ஒட்டிய சாய்பல் சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஒரு நேரான இரும்புப் பட்டையை இரண்டிரண்டு சக்கரமாக ஒட்டிவைத்து நேர்பார்க்க வேண்டும். அந்த நிலையில் ஒவ்வொரு சென்சாரும் காட்டும் எண்ணைக் குறித்து நிரலில் பதிய வேண்டும். நான்கில் ஒன்று 180 டிகிரி மாறி இருந்துவிட்டால் பார்வைக்கு எதுவும் தெரியாது. ஓட்டுநர் நெம்புகோலை முன்னே தள்ளியதும் மூன்று சக்கரம் முன்னே போகும், ஒன்று பின்னே இழுக்கும். ரோபோ தன்னையே சுற்றிக்கொண்டு ரப்பர் கருகும் வாசனையைக் கிளப்பும். அந்த எண் எங்கே இருக்கிறது, யார் பதிந்தது, மோட்டாரைக் கழற்றி மாற்றினால் மறுபடி அளக்க வேண்டுமா, சென்சாரைக் கழற்றினால்தானா என்று தெரிந்த மாணவர் அணியில் ஒருவராவது இருக்க வேண்டும். பல அணிகளில் அந்த ஒருவர் ஜூனில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்.

இன்னொரு உதாரணம் இன்னும் நுட்பமானது. நேராக ஓடிக்கொண்டே சுழலும் ஸ்வெர்வ் ரோபோ மெல்லப் பக்கவாட்டில் விலகும். காரணம், கட்டுப்பாட்டு நிரல் 20 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் கணக்குப் போடுகிறது. அந்த இடைவெளியில் ரோபோ சிறிது திரும்பிவிட்டது என்பதைக் கணக்கு பார்ப்பதில்லை. இதற்கான திருத்தம் கிட்டத்தட்ட எல்லா அணிகளும் பயன்படுத்தும் டபிள்யூ.பி.ஐ.லிப் நூலகத்தில் ஒரே ஒரு வரி. எழுதிக் கொடுக்கப்பட்ட நிரலை வைத்திருக்கும் அணிக்கு அந்த வரி உள்ளே இருப்பதும் தெரியாது, ஏன் இருக்கிறது என்பதும் தெரியாது. இரண்டு மாணவர்கள் ஒரு பிற்பகல் முழுக்க அந்த வரியை எடுத்துவிட்டும் போட்டும் ஓட்டி, தரையில் சாக்பீஸால் விலகலைக் குறித்தால், கல்லூரிக் கணிதம் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஸ்வெர்வை முன்வைத்துச் செய்யத்தக்க நல்ல ஆஃப்-சீசன் வேலை அதுதான். அதை யாரும் பலகையில் எழுதுவதில்லை. கேட்க எடுப்பாக இல்லை.

வெற்றிக்கு இது தேவையா என்பதும் தனிக் கேள்வி. சான் ஹோசே நகரின் 254ஆம் எண் அணி ‘சீஸி பூஃப்ஸ்’ 2018இல் உலகப் பட்டம் வென்ற கூட்டணியில் இருந்தது. அப்போது அவர்களுடையது சாதாரண ஆறு சக்கர வண்டிதான்.  பின்னர் அவர்களும் ஸ்வெர்வுக்கு மாறினார்கள். முன்னணியில் நிற்க இன்று அது கிட்டத்தட்டக் கட்டாயம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளூர்ப் போட்டியில் நாற்பதாவது இடத்தில் இருக்கும் அணியை இருபதாவது இடத்துக்குக் கொண்டுவருவது எட்டு மோட்டாரா என்பதுதான் சந்தேகம்.

அந்த அணி ஏன் தோற்றது என்று ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். ரேடியோவுக்கு மின்சாரம் கொண்டுபோகும் இணைப்பு ஒரு மோதலில் தளர்ந்திருக்கும். ரேடியோ ஒருமுறை அணைந்து எழுந்து மறுபடி இணைய அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 150 நொடி ஆட்டத்தில் அது பெரிய பங்கு. மோட்டார்களை ஒன்றோடொன்று கோக்கும் மஞ்சள்-பச்சை கேன் வயர் ஓரிடத்தில் பிய்ந்து, அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா மோட்டாரும் ஊமையாகியிருக்கும். அல்லது பேட்டரி. ஒவ்வொரு ரோபோவிலும் இருப்பது 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி, ஏறக்குறைய ஆறு கிலோ. எட்டு மோட்டாரும் ஒரே சமயம் இழுக்கும்போது மின்னழுத்தம் ஏழு வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் ரோபோவின் மூளையான ரோபோரியோ தற்காப்புக்காக மோட்டார்களை வெட்டிவிடும். ஓட்டுநருக்கு ரோபோ விக்குவதாகத் தெரியும். நிரலில் கோளாறு என்று நிரலாளரைத் திட்டுவார்கள். கோளாறு மூன்று வருடப் பழைய பேட்டரியில் இருக்கும்.

பேட்டரி ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, வாங்கிய மாதம் எழுதி, உள்தடையை அளந்து, ஒரு விரிதாளில் பதிந்து, தேறாதவற்றைப் பயிற்சிக்கு என்று ஒதுக்குவது ஒரு மாணவர் இரண்டு சனிக்கிழமையில் முடிக்கக்கூடிய வேலை. முனையத்து போல்ட்டுகளை முறுக்கி, கையால் அசைத்துப் பார்த்து அசைகிறதா என்று சோதிப்பது அதில் பாதி. ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கூடச் செய்துவிடலாம். ஓமின் விதியைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கும், 18 மில்லி ஓம் காட்டும் பேட்டரி 200 ஆம்பியர் இழுப்பில் எத்தனை வோல்ட் இழக்கும் என்று கணக்குப் போட்டு அதைக் களத்தில் பார்ப்பதற்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமல்ல. (மூன்றரை வோல்ட்டுக்கு மேல்.) இருந்தும் இந்த வேலை பட்டியலில் ஏறுவது அபூர்வம், ஏறினாலும் தண்டனை மாதிரிதான் ஒருவர் தலையில் விழுகிறது.

ஜனவரியில் ஆட்டம் மாறிய பிறகும் எது செல்லுபடியாகும் என்ற கேள்வியை ஒவ்வொரு யோசனையிடமும் கேட்டுப் பார்க்கலாம். பறக்கும் தட்டு எறியும் கருவியை 2013 கோடையில் எவ்வளவு செதுக்கியிருந்தாலும் அடுத்த ஆண்டு பெரிய பந்துக்கு அது உதவவில்லை. ‘எந்தப் பொருளையும் கவ்வும் கை’ என்று தொடங்கும் வேலைகள் நுரை வளையத்தையும் குழாய்த் துண்டையும் ஒரே கையால் பிடிக்க முயன்று இரண்டையும் நழுவவிடுகின்றன. மேலே ஏறும் உயர்த்தி, மடங்கும் கை போன்றவை அடிக்கடி திரும்பி வருவதால் அவற்றைப் பழகுவதில் அர்த்தம் உண்டு. எல்லாவற்றையும்விட உறுதியானது கேமரா. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஏப்ரல்டேக் என்னும் கறுப்பு-வெள்ளைக் கட்டக் குறிகள் 2023இல் களத்துக்கு வந்தன. அந்த ஆண்டு 8 குறிகள், 2024இல் 16, 2025இல் 22. ஆட்டம் எதுவானாலும் சுவரில் குறி இருக்கும். அதைப் பார்த்து ‘நான் இந்த இடத்தில் இந்தத் திசையில் நிற்கிறேன்’ என்று கணக்கிடும் நிரல் வருடந்தோறும் பயன்படும். கேமரா கம்பத்தின் சாய்வு இரண்டு டிகிரி தப்பினால் ஐந்து மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர் பிசகும் என்பதைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்கு ஒரு மாதமாவது ஆகும். அந்த ஒரு மாதம் ஜனவரிக்குப் பிறகு கிடைக்காது.

நோட்டச் செயலியின் கதை பரிதாபமானது. போட்டிகளில் கூட்டணி சேர்ப்பதற்காக ஒவ்வொரு அணியும் மற்ற ரோபோக்களை ஆட்டந்தோறும் கவனித்துக் குறிப்பெடுக்கும். அதற்கு ஒரு செயலி எழுதலாம் என்ற யோசனை நிரல் தெரிந்த மாணவர்களை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் எதை எண்ணப்போகிறோம் என்பது ஜனவரி வரை தெரியாதே! முடிந்த சீசனின் கூம்பும் கனசதுரமும் எண்ணும் பொத்தான்களை வைத்து அழகாகக் கட்டிய செயலி அடுத்த சீசனில் தூக்கி எறியப்படும். மாசசூசெட்ஸின் 2713ஆம் எண் அணி வெளியிட்ட கியூஆர்ஸ்கவுட் இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் எளிமையானது. கேள்விகள் ஒரு தனிக் கோப்பில் இருக்கும். ஆட்டம் மாறினால் அந்தக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும். போட்டி அரங்கில் அணிகள் சொந்தமாக வைஃபை அமைக்கத் தடை என்பதால் பதிந்த விவரம் கியூஆர் குறியாகத் திரையில் வரும், ஒரு மடிக்கணினி அதைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும். இதைப் பார்த்த பிறகும் புதிதாகச் செயலி எழுதும் அணிகள் இருக்கின்றன. எழுதிப் பழகுவதற்காக என்றால் சரி. தேவைக்காக என்றால், செலவழிக்க வேறு சனிக்கிழமைகள் இருக்கின்றன.

டி-சர்ட் பீரங்கி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் அது சுடும், கூட்டம் ஆர்ப்பரிக்கும், அடுத்த வாரம் பத்துப் பேர் அணியில் சேர வருவார்கள், ஊர்க் கடைக்காரர் நன்கொடை கொடுப்பார். விளம்பரம் என்ற அளவில் கச்சிதம். அபாயம் குழாயில் இருக்கிறது. போட்டி விதிகளின்படி ரோபோவில் காற்றைச் சேமிக்க 120 பி.எஸ்.ஐ., வேலை செய்ய 60 பி.எஸ்.ஐ. என்று வரம்பு உண்டு. ஒவ்வோர் உறுப்பும் அதற்கு மேல் தாங்கும் என்ற சான்றோடு வர வேண்டும். பீரங்கிக்கு அந்த விதிகள் பொருந்தாது என்பதால் கடையில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. தண்ணீர்க் குழாயில் காற்றை அடைக்கும் ஆசை வருகிறது. தண்ணீர் அழுத்தத்தில் விரிசல் விட்டால் அந்தக் குழாய் ஒழுகும். காற்றழுத்தத்தில் விரிசல் விட்டால் சில்லுகளாகச் சிதறும். அழுத்தக் காற்றுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று குழாய்த் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். சான்றுள்ள உலோகத் தொட்டியும் அழுத்தம் மீறினால் திறக்கும் வால்வும் வாங்கப் பணமில்லாத அணி இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இதற்கு நேர்மாறாக ஒன்று. டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் காலவே தொடங்கிய ‘கோ பேபி கோ’ முயற்சி, நடக்க இயலாத சிறு குழந்தைகளுக்காகக் கடையில் விற்கும் பேட்டரி பொம்மைக் கார்களை மாற்றியமைக்கிறது. பாதத்தால் மிதிக்க முடியாத குழந்தைக்கு ஒரு பெரிய பொத்தான் அல்லது நெம்புகோல், உடலைத் தாங்கக் குழாய்ச் சட்டம். பல எஃப்.ஆர்.சி. அணிகள் இதை எடுத்துச் செய்திருக்கின்றன. மின்னசோட்டாவின் பள்ளி அணி ஒன்று இப்படிச் செய்து கொடுத்த வண்டி 2019இல் அமெரிக்கா முழுவதும் செய்தியானது. பொறியியல் என்ற அளவில் இது எட்டாம் வகுப்பு மின்சுற்றுதான். ஆனாலும் மற்ற எல்லா ஆஃப்-சீசன் வேலையிலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: வண்டிக்காக ஒரு குழந்தை காத்திருக்கிறது. அரைகுறையாக மூலையில் விட முடியாது. குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் தள்ளிப்போடவும் முடியாது. உடைந்தால் தாய் திரும்பக் கொண்டுவருவார், ஏன் உடைந்தது என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு முகச்சுளிப்பு மட்டும் மிஞ்சுகிறது. சமூகத் தொண்டுக்காகத் தரப்படும் ‘இம்பாக்ட்’ விருதுக்குக் கட்டுரை எழுதும்போது இந்த வண்டிகள் எண்ணிக்கையாக மாறிவிடுகின்றன. இத்தனை வண்டி கொடுத்தோம் என்று பெருமையாக எழுதும் அணி, கொடுத்தவற்றில் எத்தனை ஆறு மாதம் கழித்து ஓடுகின்றன என்று எழுதுவதில்லை.

ஆஃப்-சீசன் பழக்கத்தின் மிகப் பெரிய சாதனை எந்த அணியின் பட்டறையிலும் இல்லை. அதற்குக் காரணம் ஒரு விதி. ஜனவரி வெளியீட்டுக்கு முன் தயாரித்த உறுப்புகளைப் போட்டி ரோபோவில் பூட்டக் கூடாது. முன்பே செய்த வடிவமைப்பையும் நிரலையும் பயன்படுத்த வேண்டுமென்றால் அவற்றின் மூலக் கோப்புகளை ஜனவரிக்கு முன்பே எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்க வேண்டும். எட்டு மாத உழைப்பை நீ பயன்படுத்தலாம், ஆனால் உன் எதிரியும் பயன்படுத்தலாம் என்கிற நிபந்தனை. போட்டி விளையாட்டில் இப்படியொரு விதி விசித்திரம்தான். ஆனால் விளைச்சல் அபாரம். ரோபோ தானாக ஓட வேண்டிய பாதையைத் திரையில் இழுத்து வரையும் பாத்பிளானர் 3015ஆம் எண் அணியிலிருந்து வந்தது. மாசசூசெட்ஸின் 6328ஆம் எண் அணி ‘மெக்கானிக்கல் அட்வான்டேஜ்’ ஆட்டத்தில் நடந்த ஒவ்வொரு நொடியையும் பதிந்து, பட்டறையில் மறுபடி ஓட்டிப் பார்க்கும் கருவியை வெளியிட்டது. அந்தப் பதிவுகளைத் திரையில் காட்டும் அவர்களுடைய அட்வான்டேஜ்ஸ்கோப் இப்போது டபிள்யூ.பி.ஐ.லிப் நிறுவும்போதே கூட வருகிறது. பத்துப் பேர் உள்ள கிராமப்புற அணி இன்று முதல் வருடமே தானியங்கி ஓட்டத்தில் புள்ளி எடுக்கிறது என்றால், அதில் இந்த மாணவர்களுடைய கோடைக்காலங்களுக்குப் பங்குண்டு.

விதியில் ஓட்டையும் உண்டு. போட்டிக் களத்தில் ஆய்வாளர் ரோபோவின் எடையைப் பார்ப்பார், பம்பரின் உயரத்தை அளப்பார், மின்னிணைப்பைச் சோதிப்பார். ஒரு வரி நிரல் எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்க அவரிடம் கருவி இல்லை. எல்லாம் அணிகளின் மனச்சாட்சியை நம்பி நடக்கிறது. அதைவிட அதிகம் நடப்பது மறதி: நவம்பரில் முடித்த நிரல் பூட்டிய சேமிப்பகத்திலேயே கிடக்கும், ஜனவரி வெளியீட்டு நாள் கடந்துவிடும். வெளியிட்டிருந்தாலும் விளக்கம் ஒரு வரி இருக்காது. பிறர் படித்துப் புரிந்துகொள்ள முடியாத நிரலை அதே அணியின் அடுத்த வருட மாணவர்களாலும் புரிந்துகொள்ள முடியாது. அதனால் விளக்கக் குறிப்பு எழுதுவதை ஒரு தனி வேலையாகப் பட்டியலில் போட்டு, அந்த நிரலை எழுதாத ஒருவரிடம் கொடுப்பது பலன் தரும். புரியாத இடமெல்லாம் அவர் கேள்வி கேட்டே தீருவார்.

யார் செய்கிறார்கள் என்பது இந்தப் பழக்கத்தின் மிகப் பலவீனமான இடம். பெரிய வேலை என்றால் கைதேர்ந்தவர்கள்தான் செய்வார்கள். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் மூவரும் ஒரு வழிகாட்டியும் ஸ்வெர்வைச் சுற்றி நிற்க, செப்டம்பரில் புதிதாகச் சேர்ந்த இருபது பேர் சுவரோரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ‘பாதுகாப்புப் பாடம்’ நடத்திவிட்டால் கடமை முடிந்தது. டிசம்பருக்குள் அதில் பாதிப் பேர் வேறு மன்றத்துக்குப் போயிருப்பார்கள். டெக்சாஸின் 118ஆம் எண் அணி ‘ரோபோநாட்ஸ்’ ஒவ்வொரு சீசனிலும் எளிய கருவிகளால், குறைந்த செலவில் கட்டக்கூடிய ‘எவ்ரிபாட்’ என்ற ரோபோவை வடிவமைத்து வரைபடங்களோடு வெளியிடுகிறது. போன வருடத்து எவ்ரிபாட்டைப் புதியவர்களிடம் கொடுத்து, மூத்தவர்கள் யாரும் கைவைக்காமல் கட்டச் சொன்னால் இரண்டு மாதத்தில் ஓடும் ரோபோ கிடைக்கும். அதோடு துளையிடவும், கிரிம்ப் செய்யவும், மோட்டாருக்கு எண் கொடுக்கவும் தெரிந்த ஆட்கள் கிடைப்பார்கள். மூத்தவர்கள் இதை ‘குழந்தை ரோபோ’ என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கெடுவுக்கு வழி இருக்கிறது, அது ஏற்கெனவே நடைமுறையிலும் உள்ளது: ஆஃப்-சீசன் போட்டிகள். ஜூலையில் இண்டியானாவில் அழைப்பின் பேரில் நடக்கும் ஐ.ஆர்.ஐ.யும், இலையுதிர் காலத்தில் 254ஆம் எண் அணி தன் பள்ளியில் நடத்தும் செஸி சாம்ப்ஸும் புகழ்பெற்றவை. அங்கே போகிறவர்கள் தங்கள் சிறந்த ஓட்டுநரோடு போய்ச் சிறந்த ஆட்டத்தைக் காட்டுவார்கள், பார்க்க விருந்து. ஆனால் நடுத்தர அணிக்குத் தேவை பக்கத்து மாவட்டப் பள்ளியில் அக்டோபரில் ஒரே நாளில் முடியும் சின்னப் போட்டி. அதற்கு மே மாதத்திலேயே பணம் கட்டிவிட்டால் பல வாதங்கள் தாமாக அடங்கிவிடும். சென்ற சீசன் ரோபோவை உதிரிப் பாகத்துக்காகப் பிரிக்கலாமா என்ற கேள்வி எழாது. கேமரா நிரல் அக்டோபரில் களத்தில் ஓட வேண்டும், ஓடாவிட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். ஓட்டுநர் இருக்கையில் இதுவரை உட்காராத பத்தாம் வகுப்பு மாணவியை உட்கார வைக்கலாம். தோற்றால் யார் தலையும் போகாது. ஒரு நல்ல ஓட்டுநர் உருவாகக் களத்தில் பல மணி நேரம் வேண்டும், அந்த நேரம் மார்ச் மாதத்தில் கிடைப்பதில்லை.

வழிகாட்டிகளில் ஒரு சாரார் இதற்கு ஒப்பமாட்டார்கள். போட்டிக் காலம் முழுக்கக் கெடுவின் கழுத்துப்பிடியில் இருந்த பிள்ளைகளுக்கு மறுபடி ஒரு கெடுவா என்பார்கள். நியாயமான எதிர்ப்பு, பை விதி போன பிறகு அதற்கு இன்னும் வலு கூடியிருக்கிறது. ஆனால் அக்டோபர் போட்டிக்குப் பெயர் கொடுத்த அணி ஜூனிலும் ஜூலையிலும் பட்டறையைப் பூட்டி வைக்கலாம். அந்த இரண்டு மாதத்தில் தொடங்கப்படும் வேலைகளில் பெரும்பாலானவை எப்படியும் செப்டம்பரில் புது ஆட்களோடு முதலிலிருந்து தொடங்கப்படுபவைதான்.